குறுக்குக் கட்டையை எடுத்தது யார்?

அத்தியாயம் ஆறு

"மேடம், கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை இந்தப் பாலத்துல எதிர்ல வந்த சைக்கிளுக்கு வழி விட்டேன். அந்தாளு இன்னும் எனக்குத் தேங்க்ஸ் சொல்லல" என்றார் கொர்னேலியஸ்.

ராதிகா சிரிக்கவில்லை. போலீஸ் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தாள்.

சுரங்கத் தொழிலாளர்களின் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவில் ஓடும் ஓடையின்மேல் கிடந்தது அந்தப் பாலம். இரும்புச் சட்டம், மரப் பலகை. சுரங்கக் கம்பெனி தன் ஆட்கள் ஷிப்டுக்கு நடந்து போகப் போட்டது. சுரங்கம் மூடிவிட்டது. இப்போது பெங்களூர் வேலைக்கு ஓடுகிற ஜனம் முழுக்க இதன் வழியாகத்தான் காலை ரயிலைப் பிடிக்கிறது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒரே தடம். மணி அடித்தால் நகர இடமில்லை, அடிக்காவிட்டால் வசவு. ஹேண்டில்பார் இடுப்பில் இடிக்காமல் அக்கரை சேர்ந்தவர் யாரும் ஊரில் இல்லை. இதை எடுத்துவிட்டு, சைக்கிளுக்கும் காலுக்கும் தனித்தனித் தடம் வைத்த அகலமான பாலம் வேண்டும் என்று போராட்டக் குழுவே இருந்தது. கேட்டுக் கேட்டு அவர்களுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போன வாரம் விடிகிற இருட்டில், பாலத்தின் நடுவே ஒரு பலகை இல்லாத இடத்தில் அன்புச்செல்வியின் சைக்கிள் இறங்கியது. சைக்கிளோடு அவளும் ஓடைக்குள் போனாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

பலகையை எடுத்தது யார் என்பதில் ரகசியமே கிடையாது. அவளுடைய அப்பா தம்மபாலன்தான். அந்தப் பாலத்தின் பலகைகளை யாரும் கேட்காமலே பார்த்துக்கொள்கிற மனிதர். முந்தின நாள் கடைசி ரயில் போன பிறகு, உளுத்த பலகை என்று சொல்லி ஒன்றைக் கழற்றியிருக்கிறார். புதிதை மறுநாள் போடுவதாக இருந்தாராம். இரண்டு முனையிலும் குறுக்குக் கட்டை அடித்துவிட்டுத்தான் போனேன் என்று அவர் சொல்கிறார்.

சுரங்கத்தில் ஒரு வழி ஆபத்தாகிப்போனால் அதன் வாயில் இரண்டு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே அடித்துவிடுவார்கள். தாண்டாதே என்று அர்த்தம். இந்தத் தங்கவயலில், கே.ஜி.எஃப்.பில் பிறந்த யாரும் அதைத் தாண்ட மாட்டார்கள். ஸ்டேஷன் பக்கம் அந்தக் கட்டைகள் இருந்தன. அன்புச்செல்வி வந்த லைன் வீட்டுப் பக்கம் இல்லை. போலீஸ் அதைத் தேடவும் இல்லை. தேடாமலே, கிழவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டது. பாலப் போராட்டத்துக்குப் பரபரப்பு உண்டாக்க அவரே வழியைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது எஸ்.ஐ.யின் கண்டுபிடிப்பு. இன்று சாயங்காலம் கைது.

அதைவிடப் பெரிய தண்டனையை மகள் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அப்பாவை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

"இங்கே பாருங்க" என்றாள் ராதிகா. லைன் வீட்டுப் பக்கம் பாலத்தின் முகப்பில் இரண்டு மரத் தூண்கள். இரண்டிலும் ஆணி போன ஓட்டைகள். உள்ளே மரம் இன்னும் வெளுப்பாக இருந்தது.

"புது ஓட்டை" என்றார் கொர்னேலியஸ். "அப்போ கட்டை இருந்துக்குது. தம்மபாலன் சொன்னது நெஜம். மேடம், ஒரு கேஸ் இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சா நம்மள யாரும் மதிக்க மாட்டாங்க."

"முடியல. கட்டைகள் எங்கே?"

"இன்னா கேள்வி? புடுங்கினவன் ஓடையிலதான் தூக்கிப் போட்டிருப்பான். கையை நீட்டினா ஓடை."

அவர் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஆட்டோ ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், துப்பறிகிற ராதிகாவின் உதவியாளராக இருப்பது பொழுதுபோக்குக்கு என்று ஊரில் சொல்லிக்கொள்கிறவர். அன்றைக்கு அன்புச்செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவருடைய ஆட்டோதான். ஓடையைக் கலக்கியதில் ஒரு செருப்பும் டிபன் பாக்ஸ் மூடியும் கிடைத்தன. கட்டை இல்லை.

"விநாயக்கோட ஆளுங்க வண்டியில ஏத்திகினு போயிருப்பானுங்க" என்றார், மேலே ஏறியபடி.

விநாயக் மனை போட்டு விற்கிறவன். புதுப் பாலம் அரை மைல் தள்ளித் தன் லேஅவுட் வாசலில் வர வேண்டும் என்று அலைகிறவன். பழைய பாலத்துக்குக் கெட்ட பேர் வந்தால் அவனுக்கு லாபம். ராதிகாவை இந்த வேலைக்கு அமர்த்திய தங்கவேலுவும் முதல் நாளே அந்தப் பேரைத்தான் சொன்னார்.

தங்கவேலு போராட்டக் குழுவின் தலைவர். அவரும் தம்மபாலனும் ராதிகாவின் அப்பாவும் ஒரே ஷிப்டில், ஒரே கும்பலில் டிம்பர்மேன்கள். சுரங்கத்துக்குள் மேல்பாறை இடியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. அப்பா இறந்த பிறகு ராதிகாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் அவள் கையைப் பிடித்துக் கொடுத்தவர் தங்கவேலு. "எம் பிரெண்டு, அவன் பெத்த பொண்ணையே விழவெப்பானா? நீதான் அவன காப்பாத்தணும் ராதி" என்று கண் கலங்கச் சொன்னார். அவர் சொன்னால் ராதிகாவுக்கு அது வேலை இல்லை, கடமை.

அவள் சுற்றிலும் பார்த்தாள். கொஞ்சம் தள்ளிப் பழைய பம்ப் ரூம் ஒன்று பாழடைந்து நின்றது. அதன் பின்சுவரில், உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால், இரண்டு கட்டைகள் சாத்தியிருந்தன.

போட்டிருக்கவில்லை. சாத்தியிருந்தன. பக்கத்தில் பக்கமாக, நிமிர்த்தி.

கொர்னேலியஸ் கையைத் தட்டினார். "பாத்தீங்களா! திருடன் வீட்டுக்காரி கிட்ட நல்லா அடி வாங்கி வளந்தவன். எடுத்த சாமான ஒழுங்கா வெச்சிட்டுப் போயிருக்கான்."

ராதிகா ஒரு கட்டையைத் திருப்பினாள். முனைகளில் இருந்த ஆணிகள் எல்லாம் மரத்தோடு மரமாக மடக்கி அடிக்கப்பட்டிருந்தன. அடுத்ததிலும் அப்படியே. விரலால் தடவிப் பார்த்தாள். ஓர் ஆணிகூட நிமிர்ந்து நிற்கவில்லை.

அவள் முகம் மாறியதைப் பார்த்து கொர்னேலியஸ் சிரிப்பை நிறுத்தினார். "இன்னா மேடம்?"

"விநாயக் ஆளா இருந்தா ஓடையில வீசிட்டுப் போயிருப்பான். கட்டைய நிமித்தி வெக்க மாட்டான். ஆணிய மடக்க மாட்டான்."

"சரி, வேற யாரு செய்வாங்க?"

"டிம்பர்மேன். கழட்டின கட்டைய அவங்க படுக்க விட மாட்டாங்க. இருட்டுல எவனாவது தடுக்கி விழுவான். ஆணிய நிமிந்து விட மாட்டாங்க. எவன் கால்லயாவது ஏறும். எங்கப்பா ஆப்பிள் பெட்டிய அடுப்புக்கு உடைச்சாக்கூட மொதல்ல ஆணிய மடக்குவாரு. யோசிச்சு செய்யறது இல்ல. கை தானா செய்யும்."

கொர்னேலியஸ் மெதுவாகக் கணக்குப் போட்டார். "இந்த லைன்ல உசுரோட இருக்கிற டிம்பர்மேன் ரெண்டு பேரு. ஒருத்தர் நமக்கு வேலை குடுத்தவரு. இன்னொருத்தர் நாம காப்பாத்தப் போறவரு."

"தம்மபாலன் மாமாவே அடிச்சிட்டு, மாமாவே எடுத்திருக்காரு" என்றாள் ராதிகா. எஸ்.ஐ. சொன்னதுதான் சரி. ஊர் முழுக்க மதிக்கிற மனிதர் பரபரப்புக்காக வழியைத் திறந்துவிட்டு, அதில் தன் மகளே வருவாள் என்று தெரியாமல் போய்ப் படுத்துக்கொண்டார். இந்த ஆளுக்காகவா மூன்று நாள் அலைந்தோம் என்று ஆத்திரமாக வந்தது.

தங்கவேலுவை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கையைப் பிடித்துக் கொடுத்தவரை யார் சந்தேகப்படுவார்கள்?

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் தம்மபாலன். பக்கத்தில் புத்த விகாரின் சாவியை வைத்திருக்கும் சரோஜா ஒரு பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். அவர் காபியைத் தொடவில்லை. வார்டின் கதவைப் பார்த்தபடி இருந்தார்.

ராதிகா சுற்றி வளைக்கவில்லை. "மாமா, கட்டை கெடைச்சிருச்சு. பம்ப் ரூம் பின்னால. நிமித்தி வெச்சு, ஆணி மடக்கியிருக்கு. ஏன் எடுத்தீங்க?"

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை.

"நீயும் இப்படித்தான் கேக்கறியா ராதி?"

"வேற யாரும் அப்படி மடக்க மாட்டாங்க மாமா."

"அடிச்சது நானு. எடுத்தது நான் இல்ல."

சரோஜாதான் பொறுக்க முடியாமல் குறுக்கே வந்தாள். "யம்மா, இவரு எப்படி எடுப்பாரு? புத்த பௌர்ணமிக்கு விகாருக்கு வெள்ளையடிச்சிகினு இருந்தாங்க. பலகை வேலைய முடிச்சிட்டு நேரா அங்கதான் வந்தாரு. ஆம்பளைங்க எல்லாம் உள்ளயே படுத்துட்டாங்க. நான்தான் வெளிய பூட்டி, சாவிய இடுப்புல சொருகிகினு போனேன். பொண்ணு விழுந்துடுச்சுன்னு சேதி வந்தப்பறம்தான் வந்து தொறந்தேன்."

"இத ஏன் போலீஸ்ல சொல்லல?"

"யாரு கேட்டாங்க? நான் போயி சொன்னதுக்கு, எல்லாரும் உங்க ஆளுங்கதானேன்னு அனுப்பிட்டாங்க."

பூட்டிய கதவுக்குள் இருந்தவர் கட்டையைப் பிடுங்க முடியாது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஆள். மனசு அந்தப் பேரைச் சொல்ல மறுத்தது. அவள் வேறு கேள்வி கேட்டாள்.

"மாமா, பலகை உளுத்துப் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சது?"

"தங்கவேலுதான் தட்டிப் பாத்து சொன்னான். இன்னிக்கே எடுத்துரு, நாளைக்கு நான் புது மரம் கொண்டாரேன்னான்."

"உளுத்துதான் இருந்துதா?"

தம்மபாலன் கொஞ்சம் தயங்கினார். "எனக்குக் கெட்டியாத்தாம்மா பட்டுச்சு. ஆனா வேலு சொல்லிட்டானே. அவன் தட்டிப் பாத்து சரியா கீதுன்னு சொன்ன எடத்துல நான் எத்தினி வருஷம் தலைய குடுத்து ஒக்காந்திருப்பேன்! எங் கைய நம்பல. அவன நம்பினேன்."

இதையும் அவர் போலீஸில் சொல்லியிருக்கவில்லை. நண்பனை எதற்கு ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டும் என்று விட்டுவிட்டாராம்.

கொர்னேலியஸ் தொண்டையைக் கனைத்தார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. "மேடம், ஸ்வல்ப இப்படி வாங்க."

இருவரும் தூணுக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

"அன்னிக்குப் பொண்ண ஏத்திகினு வந்தேனே. நான் சொம்மா அங்க நிக்கல. முந்தின நாளே சொல்லி வெச்சிருந்தாங்க. விடியறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் பக்கத்துல, பாலத்துக்கிட்ட வண்டிய போட்டு வையி, ஒரு எடத்துக்குப் போவணும்னு. சவாரிதானேன்னு நானும் ஒண்ணும் நெனைக்கல."

"யார் சொன்னது?"

"தங்கவேலு சார்."

"அவர் சைக்கிள விட்டு எறங்க மாட்டாரே!"

"அதான் மேடம். கல்யாண வீட்டுக்கே சைக்கிள்ல வர்ற மனுஷன். எனக்கு அப்பவே ஒரைச்சிருக்கணும்."

விழுவதற்கு முன்பே வண்டி வந்து நின்றுவிட்டது. விழப்போகிறவருக்காக. ராதிகா தூணில் சாய்ந்துகொண்டாள். அழுகை வருமென்று நினைத்தாள், வரவில்லை.

*

குழுவின் அலுவலகம் பழைய யூனியன் ஷெட். வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். விபத்து நடந்து, பெண்கள் ரயில்வே ஸ்டேஷன் முன்னால் மறியலில் உட்கார்ந்துவிட, மேலிடம் அலறியடித்துப் புதுப் பாலத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. அதே இடத்தில், சைக்கிளுக்குத் தனித் தடத்தோடு. நாளைக்கு அடிக்கல். உள்ளே தங்கவேலு மேஜைமேல் பேனரை விரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"வா ராதி! விநாயக்கு மேல எதனா கெடைச்சுதா?"

"ஏன் பெரீப்பா என்னை இந்த வேலைக்கு வெச்சீங்க?"

"இன்னாம்மா கேக்கற?"

"நீங்க கை காட்டின பக்கம் போவேன், மத்த பக்கம் திரும்ப மாட்டேன்னுதானே?"

அவர் பேனரை நீவிக்கொண்டே இருந்தார். ராதிகா கட்டைகளைச் சொன்னாள், ஆணிகளைச் சொன்னாள், கெட்டியான பலகையைச் சொன்னாள். ஆட்டோவைச் சொன்னபோது அவர் கை நின்றது.

பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"எத்தினி மனு குடுத்தோம்! ஒவ்வொருத்தனும் ஒரே கேள்விதான் கேட்டான். யாராவது விழுந்தாங்களா? விழலன்னா பைல அடியில வெச்சிடுவான். சரி, ஒருத்தர் விழட்டும்னு நெனச்சேன். அங்க ஆழம் இல்ல ராதி. கால்ல அடிபடும், கட்டுப் போட்டா சரியாயிடும். அதுக்குத்தான் வண்டியும் ரெடியா வெச்சேன். அன்பு அன்னிக்கு மொத வண்டிக்கு வருவான்னு எனக்கு எப்படித் தெரியும்? எப்பவும் அடுத்த வண்டிக்குத்தான் போவா."

"வேற வீட்டுப் பொண்ணா இருந்தா பரவால்லையா?"

அவர் மேஜைமேல் கிடந்த பேனரின் ஓரத்தை மடித்தார்.

"ஆணி எவன் கால்லயும் ஏறக் கூடாதுன்னு மடக்கியிருக்கீங்க பெரீப்பா! மடக்கி வெச்சிட்டு, ஆள் விழறதுக்குக் காத்துகினு நின்னிருக்கீங்க!" ராதிகா கத்திவிட்டாள். "தம்மபாலன் மாமாவ ஜெயிலுக்கு அனுப்பறதும் பிளான்தானா?"

"இல்ல! பழி விநாயக்கு மேல போவும்னு நெனச்சேன். அதுக்குத்தான் உன்னக் கூப்ட்டேன். தம்மபாலன ஜாமீன்ல எடுக்கலாம், நல்ல வக்கீலா வெக்கலாம்." அவர் எழுந்து அவள் கையைப் பிடித்தார். "நாளைக்குக் கல்லு நட்டுடட்டும். அதுக்கப்பறம் எங்க வேணா வந்து சொல்றேன். இப்ப வெளிய வந்தா இன்னா ஆவும்? குழுவே பாலத்தப் பிரிச்சிதுன்னு சொல்லி விநாயக் லேஅவுட்டுக்குத் தூக்கிகினு போயிடுவானுங்க. ஆயிரம் ஜனம் நடக்கிற வழி ராதி. ஒரு ராத்திரி. தம்மபாலன் ஒத்துக்குவான். நான் கேட்டா அவன் எதுக்கும் மாட்டேன்னு சொன்னதே இல்ல. நீயே கேட்டுப் பாரு."

அதில் உண்மை இருந்தது என்பதுதான் கொடுமை. கல் நடாவிட்டால் இந்த ஜனம் மறுபடியும் இடுப்பில் இடி வாங்கிக்கொண்டு அதே பலகையில்தான் ஓடும். ராதிகா கையை விடுவித்துக்கொண்டாள்.

"நான் கேக்க வேண்டாம். அவரே இருக்காரு."

கொர்னேலியஸ் கதவை முழுக்கத் திறந்தார். வாழை மரத்தின் பக்கத்தில் தம்மபாலன் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அவரிடம் ராதிகா ஒன்றும் விளக்கவில்லை. ஆட்டோவில் ஏறுங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அந்த நிலையிலும் தங்கவேலு நம்பிக்கையை விடவில்லை. "டேய், கேட்டுட்ட இல்ல? தப்புதான்டா. உங் கால்ல விழறேன். ஒரு ராத்திரி பொறுத்துக்கடா. பாலம் வந்துடும்."

தம்மபாலன் உள்ளே வந்தார். பேனரில் பெரிதாகப் போட்டிருந்த புதுப் பாலத்தின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் சைக்கிள்கள், ஒரு பக்கம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் அம்மா.

"ஜெயிலுக்குப் போவறது ஒண்ணியும் பெருசில்ல வேலு" என்றார். "நீ மொதல்லயே வந்து, நான் பண்ணிட்டேன்டா, எனக்காகப் போடான்னு கேட்டிருந்தா போயிருப்பேன். கேள்வியே கேட்டிருக்க மாட்டேன்."

"இப்ப கேக்கறேன்டா."

"எம் பொண்ணு செவுத்தப் பாத்து படுத்துகினு கீது. அப்பான்னு ஒரு வார்த்தை கூப்பிடல. நீ தெனமும் போயி அது தலைய தடவிக் குடுத்துட்டு வந்த. நான் வெளிய ஒக்காந்துகினு, நம்ம வேலுவாவது உள்ள போறானேன்னு சந்தோசப்பட்டேன்டா."

தங்கவேலு அவரைத் தொடக் கையை நீட்டினார்.

தம்மபாலன் ராதிகாவின் பக்கம் திரும்பினார். "போன் பண்ணும்மா."

"மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பாலம் நின்னு போயிடலாம்."

"தெரியும். பண்ணு."

ராதிகா எஸ்.ஐ.க்குப் போன் செய்தாள். பேசும்போது அவள் தங்கவேலுவைப் பார்க்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாசலைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்கள். அவள் போனை வைத்தபோது தங்கவேலு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போச்சு" என்றார். "எல்லாம் போச்சுடா தம்மா. பாலம் போச்சு."

"உனக்குப் பாலம் மட்டுந்தான் போச்சு" என்றார் தம்மபாலன்.

வெளியே போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார்.